ஷூவுக்கு மேலே இருந்த காற்று

ஒரு ஊர் இருந்ததாம், ஊருக்கு மேற்கே ஒரு காலனி இருந்ததாம், காலனிக்கு நடுவில் ஒரு மைதானமும், மைதானத்து மூலையில் ஒரு தண்ணீர் டேங்கும், டேங்குக்கு ஒரு நிழலும், நிழலுக்குள் ஒரு டீக்கடையும், டீக்கடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சும் இருந்ததாம். காலனி முழுக்க ஒரு மனிதர் நடந்துகொண்டிருக்கிறார் என்று நம்பிய நேரத்தில், அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் பால்வண்ணன்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவர் டைம் கீப்பர். இருபத்தாறு வருசமாக எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று குறித்துவைக்கிற வேலை. இரண்டு நிமிசம் பிந்தினால் டிரைவரைத் தன் டைம் கீப்பர் கூண்டுக்கு வெளியே நிறுத்தி, நாலு பயணிகள் கேட்கும்படி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேள்வி கேட்பார். அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பத்து நாலாவது வயசில், சித்திரை மாசத்தில், சுகர் வந்தது. டாக்டர் அவருடைய இடது பாதத்தில் ஒரு குண்டூசியின் முனையை வைத்து, தெரியுதா என்று கேட்டார். ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்தில் மனைவி ஆவுடைத்தாய் நின்றதால், தெரியுது என்றார். டாக்டர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மருந்து பாதி, நடை பாதி, தினம் நாற்பது நிமிசம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது, வெறுங்காலோடு மட்டும் நடந்துவிடாதீர்கள், காலில் முள் தைத்தாலும் உங்களுக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கே ஆவுடை கடைவீதிக்குப் போய் வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கிவந்தாள். குனிந்து கயிறு கட்ட அவரைத் தொந்தி விடாது. அதனால் தினமும் விடிகாலை ஐந்தரைக்கு, வெந்தயத் தண்ணீர் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசல்படியில் குத்தவைத்து உட்கார்ந்து, அவருடைய பாதத்தைத் தன் மடியில் தூக்கிவைத்து, ஷூக்கயிற்றை இழுத்து இரட்டை முடிச்சுப் போடுவாள். முதல் நாள் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. ஒரு வாரத்தில் அது அவளுக்கு விளக்கேற்றுவதுபோல ஆகிவிட்டது. நீங்க நடக்குத வரைக்கும் நானும் காபியில சீனி போடமாட்டேன் என்று அவளாகவே ஒரு பேச்சும் சொல்லிவைத்தாள். அவள் அப்படித்தான். சின்னச் சின்ன வேலைகளால் கட்டப்பட்டவள். அஞ்சு மணிக்குக் கோலம், கோலத்துக்குப் பிறகு மல்லிகைக்கு ஒரு செம்புத் தண்ணீர், சோறு வடித்ததும் காக்காய்க்கு ஒரு கை, சாயங்காலம் வாசல் நடையில் உட்கார்ந்து தலையை அவிழ்த்துச் சிக்கெடுத்துப் பின்னிக்கொள்ளுதல். காய்ச்சலில் கிடந்தாலும் இதில் ஒன்று பிசகாது.

பால்வண்ணன் நாலு நாள் நடந்தார்.

ஐந்தாம் நாள் தூறல் விழுந்தது. டேங்கு நிழலில் மூக்கையா டீக்கடையில் ஒதுங்கினார், ஒதுங்கினவருக்கு ஒரு டீ வந்தது, டீக்குத் துணையாக ஒரு உளுந்த வடை வந்தது. ஆறாம் நாள் தூறல் இல்லை, ஆனாலும் ஒதுங்கினார். ஏழாம் நாள் யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று பெஞ்சைக் கடைக்குப் பின்பக்கம் தூக்கிப் போடச் சொன்னார். எட்டாம் நாள், வீட்டுக்குத் திரும்புமுன், டேங்கு வால்வில் கசிகிற தண்ணீரைக் கையில் பிடித்துச் சட்டையின் முதுகிலும் அக்குளிலும் தெளித்துக்கொண்டார். வீட்டில் ஆவுடை அந்தச் சட்டையைக் கழற்றி வாங்கி, இம்புட்டு வேர்த்திருக்கே என்று சந்தோசப்பட்டபோது அவருக்கு நெஞ்சுக்குள் என்னவோ சுருண்டது. மறுநாள் கொஞ்சம் குறைவாகச் சுருண்டது. நல்ல பழக்கம் எப்படித் துளித்துளியாகச் சேருமோ, பொய்யும் அதேபோலத்தான், தினம் நாற்பது நிமிசம், ஒரு நாளும் விடாமல் சேர்ந்தது.

ஆடி மாசத்துக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பால்வண்ணன் கால் உப்பசமாக இருக்கிறதே என்று முடிச்சை அவிழ்க்காமலே குதிகாலால் தள்ளி ஷூவைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். கீழே கிடந்த ஷூ இரண்டும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன. பிறகு வலது ஷூ திரும்பியது, இடது ஷூ அதன் பக்கத்தில் வந்து நின்றது, இரண்டும் மைதானத்துக்குப் போய், வேகமும் இல்லாமல் மந்தமும் இல்லாமல் நாற்பது நிமிசம் நடந்துவிட்டு, புழுதியோடு திரும்பிவந்து, பெஞ்சடியில் பழைய இடத்திலேயே நின்றன. மூக்கையா கரண்டியில் வடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, நீங்க ஆறு ரவுண்டு முடிச்சிட்டிய," என்றான். "இன்னொரு வடை போடவா?"

காலனிக்காரர்கள் அதைப் பார்த்து அலறவில்லை. பால்காரர் செல்வின் சைக்கிளை ஓரங்கட்டி ஷூவுக்கு வழிவிட்டார். நாய்கள் முகர்ந்து பார்த்தன, பழகிய வாசனைதான் என்று மறுபடி படுத்துக்கொண்டன. இது பால்வண்ணன் அண்ணாச்சி ஷூல்லா என்று ஒருவர் கேட்டார், ஆமா, அந்த இரட்டை முடிச்சு அவுக வீட்டம்மா போட்டது என்று இன்னொருவர் சொன்னார். அண்ணாச்சி எங்கே என்பதுதான் ஒரே சந்தேகம். அந்தச் சந்தேகம் அன்றைக்கு மத்தியானத்துக்குள் குழாயடி வழியாக ஆவுடையிடம் வந்தது.

சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும் கேட்டாள். "ஷூ மட்டும் நடக்குதுங்காங்க, ஆளைக் காணலங்காங்க. நீங்க எங்க இருந்திய?"

சொல்லியிருக்கலாம். வாசல் நடையில், தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, சீப்பும் கையுமாக, கோபமே இல்லாமல்தான் அவள் கேட்டாள். ஆனால் இரண்டு மூன்று மாசத்து ஈரச் சட்டைகள் குறுக்கே வந்து நின்றன.

"உள்ளதான் இருந்தேன்," என்றார்.

"ஷூவுக்குள்ளயா?"

"ஆமா. ஒரே சீரா நடந்தா ஆளு தெரியாது போலுக்கு."

ஆவுடை சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசித்தாள். "ஃபேன் ஓடும்போது றெக்கை தெரியாதே, அதுமாதிரியா," என்று அவளே அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

அந்த நியாயம் மறுநாள் காலை காலனி முழுக்கப் பரவியது. நடந்து நடந்து ஆளே கரைந்துவிட்டார், நின்றால்தான் தெரிவார் என்றார்கள். மைதானத்தில் ஷூ வரும்போது அதற்குமேல் ஒரு ஆள் உயரத்துக்குக் கண்ணைத் தூக்கி, வணக்கம் அண்ணாச்சி என்று காற்றுக்குக் கும்பிடு போட்டார்கள். காற்று பதில் சொல்லவில்லை. மாலை போட்டு மௌன விரதம் இருக்கிறவர்களைப் பார்த்துப் பழகிய காலனி அது. அண்ணாச்சி நடைக்கு விரதம் பிடிக்கிறார், பேச்சுக் கொடுக்கக் கூடாது, நாம் சொன்னால் கேட்டுக்கொள்வார் என்று தாங்களாகவே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். முதலில் ரிட்டயர்ட் டீச்சர் ஜெபமணி ஷூவின் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார், அது போகிற வேகம் தன் மூட்டுக்கு ஒத்துவருகிறது என்று. பிறகு செயினைப் பறித்துவிடுவார்கள் என்று வெளியே வராத பெண்கள், அண்ணாச்சி முன்னால் போகிறாரே என்ற தைரியத்தில் வந்தார்கள். ஆவணி முடிவதற்குள் நாற்பது பேர் நடந்தார்கள். காலனியில் பிரஷர் இறங்கியது, மூச்சிரைப்பு குறைந்தது, மருந்துக் கடைக்காரர் வியாபாரம் படுத்துவிட்டது என்று சலித்துக்கொண்டே அவரும் நடக்க வந்தார். நாற்பது பேருக்கும் இறங்கிய சுகர், பால்வண்ணனுக்கு மட்டும் ஏறியது. அந்த ரிசல்ட்டுச் சீட்டை அவர் பஸ் ஸ்டாண்டுக் கூண்டிலேயே கிழித்துப் போட்டார்.

இதெல்லாம் போகட்டும். மனுசர்கள் அந்தக் காற்றிடம் பேச ஆரம்பித்தார்கள், அதுதான் அவரைக் கொன்றது. பக்கத்தில் ஒருவர் நடக்கிறார், முகம் தெரியவில்லை, குறுக்கே பேசமாட்டார், புத்தி சொல்லமாட்டார் என்றால் யாருக்குத்தான் வாய் திறக்காது? ஒரு ரவுண்டுக்கு ஒருவர் என்று முறைவைத்து ஷூவின் பக்கத்தில் போனார்கள், மற்றவர்கள் மரியாதைக்குப் பத்தடி பின்தங்கினார்கள். செல்வின் பேசிக்கொண்டே அழுததைப் பால்வண்ணன் டேங்குத் தூணின் இடுக்கு வழியாகப் பார்த்தார். அதன்பிறகு தெருவில் எதிர்ப்பட்டால் செல்வின் அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போவார், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் இவரும் தலையை ஆட்டுவார். இப்படி நாற்பது பேர், நாற்பது பார்வை. எல்லாருடைய அந்தரங்கமும் தெரிந்தவர் என்று மதிக்கப்பட்டவருக்கு ஒருவருடைய சங்கதியும் தெரியாது.

புரட்டாசியில் ஒருநாள் ஆவுடை வந்தாள்.

அவருக்குக் கயிறு கட்டி அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கதவைப் பூட்டி, ஹவாய் செருப்போடு மைதானத்துக்கு வந்தாள். புருசன் பெண்சாதி பேசட்டும் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றுவிட்டார்கள். ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி, அரை ரவுண்டு அவள் பேசாமல் நடந்தாள். பிறகு பேசினாள். தரையைப் பார்த்துக்கொண்டு, கையால் முந்தானையை முறுக்கிக்கொண்டு, ஒன்றரை ரவுண்டு பேசினாள். பஸ் ஸ்டாண்டுச் சாப்பாட்டையும் கேஸ் சிலிண்டரையும் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சு நடந்து எத்தனையோ வருசம் ஆகியிருந்தது. ஒரு இடத்தில் அவள் நின்றாள். அவள் நின்றதும் ஷூவும் நின்றது. அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை பொறுத்திருந்து, அவள் எட்டு வைத்தபிறகுதான் அதுவும் எட்டு வைத்தது.

தூண் இடுக்கில் கண்ணை வைத்திருந்த பால்வண்ணனுக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. மூக்கையாவின் சட்டியில் எண்ணெய் கொதிக்கிற சத்தம்தான் கேட்டது. எழுந்து போனால் அறுபது எட்டுத் தூரம்தான். ஆனால் வெறுங்கால், கையில் பாதி வடை, நாற்பது பேர் கண். மூக்கையாவே அடுப்பைத் தணித்துவிட்டு, போங்க அண்ணாச்சி, இப்பவாவது போங்க என்று மெதுவாகச் சொன்னான். இவர் வடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். "காலையில சொன்னேன்லா. நீங்க என்ன சொல்லுதிய?"

எதைக் கேட்டாலும் ஒத்துவருகிற மாதிரி ஒரு பதிலை அவர் பகல் முழுக்கத் தயார் பண்ணி வைத்திருந்தார்.

"உன் இஷ்டம்போல செய், ஆவுடை."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த டாக்டர் பார்த்த மாதிரியே பார்த்தாள். "என் இஷ்டம்," என்றாள். பிறகு, "சரி," என்று உள்ளே போனாள்.

மறுநாள் வாசலில் கோலம் இல்லை. முந்தின நாளையக் கோலத்தையே காற்று பாதி அழித்திருந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டே அவருக்குக் கயிறு கட்டினாள். நாலு நாள் கழித்து மல்லிகை தலையைத் தொங்கப் போட்டது. காக்காய்கள் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து கத்திப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயின. சாயங்காலங்களில் அவிழ்த்த தலையோடு வாசல் நடையில் உட்கார்வாள், சீப்பு மடியிலேயே கிடக்கும். உடம்புக்கு என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். அவர் பயந்துபோய், உன் தங்கச்சி வீட்டுக்குப் போய்வருவோமா என்று கேட்டார், புதுச்சேலை எடுப்போமா என்றார், அந்தப் பதிலை மாத்திக்கிடுவோமா என்றுகூடச் சுற்றி வளைத்துக் கேட்டார். அதுதான் சொல்லிட்டியளே என்றாள். எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியவில்லை, சம்மதித்தது மட்டும் வீட்டுக்குள் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தது. ஒரே ஒரு பழக்கம் மிச்சமிருந்தது: ஐந்தரை மணி, வாசல்படி, அவள் மடியில் அவர் பாதம், இரட்டை முடிச்சு. அந்த முடிச்சுப் போடும்போது அவர் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒருநாள் பெஞ்சடியில் ஷூ திரும்பிவந்ததும் கையில் எடுத்து, அவ என்ன சொன்னா என்று கேட்டும் பார்த்தார். ஷூ, ஷூவாகத்தான் இருந்தது. புழுதி உதிர்ந்தது.

கார்த்திகை முதல் ஞாயிறு, ஷூ நடக்க ஆரம்பித்து நூறு நாள் தாண்டியிருந்தது. ஜெபமணி டீச்சர் எல்லாரிடமும் சொல்லி, பால்வண்ணனுக்கு ஒரு சால்வை போர்த்துவது என்று ஏற்பாடு பண்ணினார். ஆவுடையையும் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள். ஷூ கடைசி ரவுண்டை முடித்துக்கொண்டு வந்தபோது நாற்பது பேரும் சுற்றி நின்று வழி மறித்தார்கள், அது மரியாதையாக நின்றது. எல்லாரும் ஷூவுக்கு மேலே, ஒரு ஆள் உயரத்தில், அவர் தெரியப்போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். கைதட்டுவதற்குக் கைகள் தயாராக இருந்தன. ஆவுடையும் அந்த இடத்தைத்தான் பார்த்தாள்.

தூண் இடுக்கில் அதைப் பார்த்தார் பால்வண்ணன். நூறு நாளில் அவருக்கு எத்தனையோ பேர் முகம் தெரியும், ஆனால் தான் இல்லாத இடத்தைத் தன் மனைவி இவ்வளவு நம்பிக்கையோடு பார்க்கிற முகத்தை அவர் பார்த்ததில்லை. எழுந்தார். வெறுங்காலோடு, விரலில் எண்ணெய்ப் பிசுக்கோடு, கூட்டத்துக்குப் பின்பக்கமிருந்து வந்தார். அவர் வருகிற சத்தம் கேட்டு ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

"நான் அதுல இல்ல," என்றார். "ஒரு நாளும் இல்ல. மூக்கையா கடைக்குப் பின்னால உக்காந்திருந்தேன்."

மூக்கையா தலை குனிந்துகொண்டான்.

ஏச்சு வரும் என்று நின்றார், வரவில்லை. வந்திருந்தால் தாங்கியிருப்பார். நாற்பது பேரும் தாங்கள் எந்த ரவுண்டில் எதைச் சொன்னோம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சங்கொஞ்சமாக அந்த மைதானத்தில் நின்ற எல்லா முகமும் அவர் முகத்தைப்போலவே ஆகிவிட்டது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். யாரோ சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

செல்வின்தான் முதலில் கேட்டார். "அப்போ நான் அழுதது?"

"கேக்கல, செல்வின்."

செல்வின் மூச்சை விட்டார். "நல்லதாப் போச்சு," என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மருந்துக் கடைக்காரர் கடையைத் திறக்கப் போனார். பெண்கள் இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். ஜெபமணி டீச்சர் அவர் பக்கத்தில் வந்து, "கேக்க ஆளில்லாம நான் பேசுதது இது முதல் தடவை இல்ல, தம்பி, மனசுல வச்சுக்கிடாதீங்க," என்றார். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. டீச்சரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு போனார். மூக்கையா அடுப்பை அணைக்கப் போனான்.

ஆவுடை மட்டும் நின்றாள்.

"உன் இஷ்டம்போல செய்ன்னு சொன்னியளே," என்றாள். "எதுக்குச் சொன்னிய?"

"தெரியாது."

"எதுன்னு தெரியாமலா?"

"தெரியாமதான்."

அவள் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஷூவில் தான் போட்ட முடிச்சை நகத்தால் கிள்ளி, ஒன்று, பிறகு இன்னொன்று, அவசரப்படாமல் அவிழ்த்தாள். கயிறு இரண்டு பக்கமும் புழுதியில் விழுந்தது. ஷூ அசையவில்லை. தூக்கி அவர் காலடியில் நேராக வைத்தாள்.

"மறுபடி ஒருதரம் சொல்லு, ஆவுடை," என்றார் அவர். "இந்தா நிக்கேன். கேக்கேன்."

"அதைச் சொல்லுததுக்கு நான் பதினோரு வருசமா தெம்பு சேத்தேன்," என்றாள். "ஒருதரத்துக்குத்தான் இருந்துச்சு."

அவர் அவசரமாக ஷூவுக்குள் காலை நுழைத்தார். குனியப் பார்த்தார், கை முழங்காலுக்குக் கீழே எட்டவில்லை. நிமிர்ந்தார், இன்னொருமுறை குனிந்தார். இடது கால் உள்ளே சரியாகப் போயிருக்கிறதா இல்லையா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவள் அதைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், டேங்கைத் தாண்டி, மைதானத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, நடந்து போனாள்.